போரில் தப்பிய சன்னலும் என் ஒரு பக்கக் கடிதமும்

முதலில் ஒரு எச்சரிக்கை. கட்டுமான சைட்டில் பூட்ஸைக் கழற்றாதீர்கள். யார் என்ன சொன்னாலும் கழற்றாதீர்கள். நான் ஒரு முறை கழற்றினேன். அதற்காக எழுத்துபூர்வமாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அன்று கழற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால், ஓய்வு பெற்று வீட்டில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் இப்போதும் குழாயை மூட மறந்து நின்றுவிடுகிறேன்.

நம் இன்ஜினியரிங் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவர் வித்யா. இந்தச் சம்பவம் நடந்தபோது அவர் என் மேனேஜர். ஈரோட்டுக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "சார், அட்வைஸ் மட்டும் வேண்டாங்க. நடந்ததைச் சொல்லுங்க, படிப்பாங்க" என்றார். சரி, நடந்ததைச் சொல்கிறேன். இதில் தப்புச் செய்தவன் நான்தான். அதை இப்போதே தெரிந்துகொண்டால் படிக்கச் சுவாரசியமாக இருக்கும்.

விரிகுடாவை ஒட்டிய ஒரு சிறிய நகரத்தில் ஒரு செங்கல் தேவாலயம். வெளியே இருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் என்றே நினைப்பீர்கள். உள்ளே போனால் பீடத்துக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு சன்னல். அந்தச் சன்னல் இந்த ஊருடையதே இல்லை. ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர் தேவாலயத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அங்கே குண்டு விழுந்து கூரை போய், சுவர் போய், மிஞ்சியது இந்தச் சன்னலின் கல் சட்டமும் கொஞ்சம் வண்ணக் கண்ணாடியும்தான். அந்த ஊரார் புதிதாக வேறு கட்டிக்கொண்டார்கள். ராணுவத்தில் போதகராகப் போயிருந்த இந்த ஊர் பாஸ்டர் ஒருவர், மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்தாராம். கல்லில் நெருப்புப் பட்ட கருப்பு அப்படியே இருந்தது. கண்ணாடி உடைந்துபோன இடங்களில் யாரும் புதிதாக வரையவில்லை, வெறும் வெள்ளைக் கண்ணாடியை வைத்து அடைத்திருந்தார்கள். நடுவில் ரொட்டிக் கூடையோடு ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளியே நிற்கும் மரம் தெரியும்.

முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?" நம் கோயிலில் ஒரு சிலையின் விரல் உடைந்தாலே போதும், பின்னமாகிவிட்டது என்று பூஜையிலிருந்து எடுத்துவிடுவோம். இவர்கள் முகமே போன உருவத்தைப் பீடத்துக்கு மேலே வைத்து வணங்குகிறார்கள்! நல்ல கலைஞனைக் கூப்பிட்டு ஒரு முகம் வரைந்தால் எவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று இப்போதைய பாஸ்டரிடமே சொன்னேன். அவர் சிரித்தார். "இந்தச் சபையில் போர்முனையிலிருந்து திரும்பாத பிள்ளைகளின் குடும்பங்கள் இருந்தன. அவரவருக்கு வேண்டிய முகத்தை அவரவர் அங்கே பார்த்துக்கொண்டார்கள். இப்போதும் பார்க்கிறார்கள்" என்றார். அன்றிலிருந்து அந்தச் சன்னல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் ஒழுங்காகப் பார்த்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எங்களுக்கு அங்கே என்ன வேலை என்றால், பக்கத்து மனையில் ஐந்து மாடி அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது. விரிகுடா ஓரத்து மண் சேறு மாதிரி. அதனால் நீளமான இரும்புத் தூண்களை எந்திரச் சுத்தியலால் பூமிக்குள் அடித்து இறக்க வேண்டும். அதைத்தான் பைலிங் என்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். அந்த அதிர்வு தேவாலயத்தைப் பாதிக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பொறுப்பு. விதிப்புத்தகம் சொன்ன இடத்தில், அதாவது அஸ்திவாரச் சுவரில், அதிர்வுமானியைப் பொருத்தினேன். முதல் வாரம் பார்த்தேன். எல்லா அளவும் வரம்புக்குக் கீழே, பாதிகூட இல்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். "கட்டடத்துக்கும் சன்னலுக்கும் பாதிப்பு இல்லை. பைலிங் தொடரலாம்." கீழே கையெழுத்து, முத்திரை. ஒரு பிரதி சைட் ஆபீஸுக்கு, ஒன்று தேவாலயத்துக்கு. அன்று மாலை ஃப்ரீவேயில் பாட்டுக் கேட்டுக்கொண்டே நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையிலிருந்து மழை. சைட் முழுக்கச் சேறு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, சுத்தியல் நின்றது. ஒரு மணிக்கு மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியில் உள்ளே போய் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தேவாலயத்துக்குப் போனேன். வாசலில் எல்சா என்கிற அம்மா அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தார். அங்கே துப்புரவு வேலை முழுவதும் அவர்தான். என் பூட்ஸில் அரை கிலோ சேறு. கோயில் வாசலில் செருப்பை விட்டே பழகிய கால் அல்லவா, யோசிக்கவே இல்லை. பூட்ஸ் கழன்றது. நனைந்திருந்த சாக்ஸும் கழன்றது. வெறுங்காலோடு உள்ளே நடந்தேன்.

நடுவழியெல்லாம் துடைத்து வைத்த தரை, வழவழவென்று குளிர்ந்திருந்தது. பீடத்தைத் தாண்டிச் சன்னலுக்குக் கீழே போய் நின்றேன். காலில் நறநறவென்றது.

குனிந்து கையால் தடவினேன். மணல். மாவுக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு பதம், வெளிர் மஞ்சள். வாசலில் இருந்து வந்த சேறு கருப்பு, தரை ஓடு சிவப்பு. இந்த நிறத்தில் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தேன். கல் சட்டம் கம்பீரமாக நின்றது. கீழே இருந்து பார்க்க ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. ஆனால் இந்த மணல் அந்தக் கல்லிலிருந்துதான் உதிர்ந்திருக்க வேண்டும்.

"எல்சாம்மா, இந்த இடத்தைத் துடைக்கலையா?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான். அவருக்கும் அது சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. அதனால் எங்களுக்குள் பேச்சு எப்போதும் நேராகவே இருக்கும்.

"பத்து மணிக்குக் கூட்டித் துடைத்தேனே. திரும்ப வந்துவிட்டது. இந்த இடத்தை இப்போதெல்லாம் இரண்டு தடவை துடைக்கிறேன்."

"தினமுமா?"

அவர் மாப்பை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "ஞாயிற்றுக்கிழமை இருக்காது. அன்றைக்கு அவர்கள் அடிப்பதில்லை."

கேட்டீர்களா? சுத்தியல் அடிக்கும் நாளில் மணல் விழுகிறது. அடிக்காத நாளில் விழுவதில்லை. மூன்று வாரமாக என் அதிர்வுமானி நிமிடத்துக்கு நிமிடம் எண்களை அனுப்பியும் சொல்லாததை இந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். அஸ்திவாரம் அசையாமல் இருக்கலாம். மேலே, அத்தனை உயரத்தில், போரில் அடிபட்டு ஒட்ட வைத்த கல் அசையாமல் இருக்கும் என்று நான் எப்படி எழுதினேன்? அங்கே ஏறிப் பார்த்தேனா? இல்லை. புத்தகம் சொன்ன இடத்தில் அளந்தேன், திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தைந்து. அப்போதுதான் எல்சா அடுத்ததைச் சொன்னார். "சீக்கிரம் துடைக்க வேண்டும். ஒரு மணிக்கு டேகேர் காப்பகத்துப் பிள்ளைகள் பாட வருவார்கள். வெள்ளிக்கிழமை அல்லவா. இங்கேதான் உட்காருவார்கள்." அவர் காட்டியது நான் நின்ற இடத்தை. சன்னலுக்கு நேர் கீழே ஒரு நீல ஜமக்காளம் சுருட்டி வைத்திருந்தது.

ஒரு மணிக்குப் பிள்ளைகள். ஒரு மணிக்குச் சுத்தியல்.

ஓடிக்கொண்டே வித்யாவுக்கு போன் போட்டேன்.

"சொல்லுங்க சார்."

"வித்யா, பைலிங்கை ஸ்டாப் பண்ணணும். இப்பவே. மேல கல்லு லூஸா இருக்கு."

"ஒரு நிமிஷம் சார். ரீடிங் பார்க்கிறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது. "எல்லாம் லிமிட்டுக்குள்ளதாங்க இருக்கு. ஒரு அலர்ட்கூட வரலை. மேல ஏறிப் பாத்தீங்களா?"

"இல்ல. கீழ மணல் கொட்டியிருக்கு. கால்ல மிதிச்சேன்."

"கால்லயா?"

"பூட்ஸைக் கழட்டியிருந்தேன்."

"சார், நான் கான்ட்ராக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? எங்க இன்ஜினியர் வெறுங்கால்ல நடந்தாரு, அதனால மெஷினை நிறுத்துங்கன்னா? டேட்டா கேப்பாங்க. அவங்க ஷெட்யூல் முழுக்க இந்த ஒரு மெஷினை நம்பி ஓடுது. நாளைக்குக் கல்லு நல்லாத்தான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா நம்ம கதி என்னங்க?"

அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மேனேஜர் என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு நின்றேன். என்னிடம் இருந்தது ஒரு கைப்பிடி மணலும் எல்சா சொன்ன ஒரு வரியும்தான். ஒருவேளை பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்வதாக இருந்தால்? சும்மா ஊரைக் கூட்டியவன் என்று பெயர் வரும். முப்பது வருடம் சேர்த்து வைத்த பெயர்.

வித்யாதான் மறுபடி பேசினார். குரல் மாறியிருந்தது. "சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த லெட்டரை இப்ப எழுதச் சொன்னா எழுதுவீங்களா? பைலிங் தொடரலாம்னு?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க என்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கறீங்க? போங்க சார், ஓடுங்க! கான்ட்ராக்டரை நான் பாத்துக்கறேன்."

இந்தக் கேள்வியை உங்கள் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கையெழுத்து சரியா தப்பா என்று அவசரத்தில் கண்டுபிடிக்க முடியாது. இன்று, இந்த நிமிடம், அதே தாளில் மறுபடி கையெழுத்துப் போடுவேனா என்று மட்டும் கேட்டுக்கொள்ள முடியும். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான கேள்வி நம் தொழிலில் இல்லை.

சைட் கேட்டுக்கு ஓடினேன். ஃபோர்மேன் கையில் காபியோடு நின்றிருந்தார். டோனி என்று பெயர், மலை மாதிரி ஆள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் காலைப் பார்த்துவிட்டார்.

"உன் பூட்ஸ் எங்கே?"

"டோனி, மெஷினை ஓட்டாதே. சன்னல் கல் அசைகிறது."

"பூட்ஸ் எங்கேன்னு கேட்டேன். வெறுங்காலோடு என் சைட்டுக்குள் ஒரு அடி வைக்கக் கூடாது. வெளியே நில்!"

கேட்டுக்கு வெளியே நின்றேன். வேறு வழி? சேற்றில் கணுக்கால் வரை புதைந்து, ஒரு கையில் மணலைக் காட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கத்தினேன். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. தூரத்தில் ஆபரேட்டர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மெஷினைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

டோனி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், "நீ சொல்வதை நான் நம்புகிறேன் என்றே வைத்துக்கொள். ஆனால் பாதிப்பில்லை, தொடரலாம் என்று ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்த கடிதம் என் போர்டில் மாட்டியிருக்கிறது. அதை மீறி நான் மெஷினை நிறுத்தினால் என்னைத்தான் கேட்பார்கள். அந்த இன்ஜினியர் யார் என்று உனக்குத் தெரியும்."

"அந்தக் கடிதத்தைக் கொண்டு வா" என்றேன்.

போய் எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே இழுத்தேன். என் பேனா ஈரத் தாளில் எழுதவில்லை. அவரே பாக்கெட்டிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்துக் கொடுத்தார். கேட் கம்பத்தில் தாளை வைத்து, என் அழகான பத்திகளின் மேல் குறுக்கே பெரிதாக எழுதினேன். "இதைத் திரும்பப் பெறுகிறேன். நான் எழுதியது தவறு. பைலிங்கை நிறுத்தவும்." கையெழுத்து. நேரம் 12:52. எழுத்துத் தெளிவாகவே வந்தது.

டோனி அதை ஒரு முறை படித்தார். காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்து ஆபரேட்டருக்குக் காட்டினார். சுத்தியல் எழவில்லை. எழவே இல்லை! அந்த நிசப்தத்தைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

திரும்பி தேவாலயத்துக்கு ஓடினால், டேகேர் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வாசலில் நிற்கிறார்கள். எல்லாம் நாலு வயது, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு. உள்ளே போக முடியவில்லை. எல்சா மாப்பைக் குறுக்கே பிடித்து வாசலை அடைத்துக்கொண்டு, "தரை ஈரம், தரை ஈரம்" என்று ஆசிரியைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அன்று பிள்ளைகள் சமையல் கூடத்தில் உட்கார்ந்து பாடினார்கள். வாசலில் நின்று கேட்டேன். பாட்டு காதில் ஏறவே இல்லை, தலையை மட்டும் எண்ணினேன்.

அடுத்த மூன்று நாள் நான் பட்ட பாடு தனி. கல் நன்றாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம், நன்றாக இல்லாவிட்டால் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒரு பக்கம். என் மனைவி சனிக்கிழமை லிவர்மோர் ஊரில் இருக்கும் நம் கோயிலுக்குக் கூட்டிப் போனார். சன்னிதியில் நின்று சரியாகக் கும்பிடக்கூட முடியவில்லை. மேலே கல் விதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாரம் தயார். கற்சிற்பி ஒருவரும் நானும் ஏறினோம். இந்த முறை பூட்ஸோடு. சன்னலின் உச்சியில் இருக்கும் வட்டத்துக்குக் கீழே ஒரு கல், சுமார் இரண்டு வயதுக் குழந்தையின் எடை இருக்கும். சிற்பி அதன் மேல் கையை வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்தார். அலமாரியிலிருந்து டப்பாவை எடுப்பது போல அந்தக் கல்லின் ஒரு பாதி வெளியே வந்துவிட்டது!

சாரத்தைப் பிடித்துக்கொண்டேன். போரில் அந்தக் கல் நடுவில் பிளந்திருக்கிறது. இங்கே வைத்தபோது உள்ளே ஓர் இரும்புக் கம்பி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்து நூல் மாதிரி ஆகிவிட்டது. சுத்தியலின் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று அரைத்துக்கொண்டிருந்தன. இன்னும் எத்தனை அடி தாங்கியிருக்கும் என்று சிற்பியிடம் கேட்டேன். "கேட்காதே" என்றார். கீழே பார்த்தேன். நேர் கீழே அந்த நீல ஜமக்காளம்.

ஆனால் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டாமா? கண்ணாடி முழுவதையும் ஒவ்வொரு பகுதியாக இறக்கினோம். ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டுகூட உடையவில்லை. அந்த ரொட்டிக் கூடையை என் இரண்டு கையாலும் வாங்கினேன். கூடையின் ஒவ்வொரு பின்னலையும் யாரோ ஒருவர் மெல்லிய தூரிகையால் வரைந்திருந்தார். அவ்வளவு உயரத்தில் வைத்தால் யார் கண்ணுக்குமே தெரியாத வேலை. அதை வெயிலில் தூக்கிப் பிடித்தபோது சின்னப் பையன் மாதிரி கத்திவிட்டேன். பாஸ்டர் அழுதார். டோனி வந்து பார்த்துவிட்டு, "இதற்காகவா சேற்றில் குதித்தாய்?" என்றார். பிறகு ரொம்ப நேரம் போகாமல் அங்கேயே நின்றார். பூட்ஸ் விஷயத்தில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதும் அவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சரியாகத்தான் அனுப்பினார்.

பிளந்த கல்லைத் திரும்ப ஒட்ட வேண்டும். அரைபட்டுப் போன இடத்தைச் சுண்ணாம்பில் கல் தூளைக் கலந்து நிரப்புவார்கள். அதே கல்லின் தூளாக இருந்தால்தான் நிறம் சேரும். அந்தக் கல்லை வெட்டியெடுத்த குவாரி எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றே தெரியவில்லை என்று சிற்பி கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற எல்சா, உள்ளே போய், துடைப்பம் வைக்கும் அறையிலிருந்து ஒரு காபி டின்னைக் கொண்டுவந்து நீட்டினார். மூடியைத் திறந்தால் முக்கால் டின் வெளிர் மஞ்சள் மணல்.

"தேவாலயத்துக் கல். குப்பையில் போட மனம் வரவில்லை" என்றார்.

சிற்பி அந்த டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கு அது புதையல். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முதல் வாரத்திலிருந்து சேர்ந்த மணல் அது. என் அதிர்வுமானியிலிருந்து பத்தடி தூரத்தில், கதவுக்குப் பின்னால், டின்னில் நிறைந்துகொண்டே இருந்திருக்கிறது.

மற்றவர்கள் போன பிறகு கேட்டேன். "எல்சாம்மா, இதை நீங்கள் முன்னாலேயே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொன்னேனே. முதல் வாரம் முடிந்ததுமே சைட் ஆபீஸுக்கு டின்னை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அங்கே இருந்தவர் உங்கள் கடிதத்தைக் காட்டினார். பெரிய இன்ஜினியர் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார், நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் என்றார். அதனால் வந்துவிட்டேன்."